பள்ளத்து விறகும் 24 குதிரைத்திறன் டிராக்டரும்: பத்து மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு மதிப்புரை

கடலூரிலிருந்து நடுவீரப்பட்டுக்குப் போகும் வழியில், கேப்பர் மலை என்று அழைக்கப்படும் செம்மண் மேட்டின் சரிவில் எங்கள் குடும்பத்துக்கு ஆறு ஏக்கர் முந்திரிக் கொல்லை இருக்கிறது. கடலூர் மணற்கல் என்று புவியியல் நூல்கள் குறிப்பிடும் பாறையின் மேல் படிந்த மண் அது. கோடையில் கல்லைப்போல் இறுகிக் கிடக்கும், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்தால் கரைந்து ஓடும். ஆண்டாண்டாக அப்படி ஓடியதில் கொல்லையின் கீழ்ப்பாதியை மூன்று ஓடைகள் பிளந்திருக்கின்றன. ஒன்று முழங்கால் ஆழம், அடுத்தது ஆள் ஆழம், தெற்கு எல்லையை ஒட்டிய மூன்றாவது இரண்டு ஆள் ஆழத்துக்கும் மேல். இவற்றின் கரைகளிலும் இடுக்குகளிலும் முந்திரியும் வேம்பும், தானாக முளைத்த சீமைக்கருவேலும் நிற்கின்றன. அங்கே விழுந்த மரத்தை அறுப்பது எளிது. மேலே கொண்டுவருவதுதான் பெரும்பாடு. அந்த வேலைக்காகவே நான் வாங்கிய சிறிய டிராக்டரைப் பற்றி, அதே வகை நிலம் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, என் தந்தையார் வைத்து வளர்த்த மரங்களில் பெரும்பகுதி வேரோடு சாய்ந்தது. பாதையோரம் கிடந்தவை விறகாக விலைபோயின. ஓடைகளுக்குள் கிடந்தவற்றை எடுக்க ஆளும் கிடைக்கவில்லை, எந்த வண்டியும் உள்ளே இறங்கவில்லை. இரண்டு மழைக்காலம் கழிந்ததும் கறையான் அவற்றைத் தின்று முடித்தது. காய்க்கும் மரம் போனதைவிட, அது ஒரு வேளை உலைக்குக்கூட உதவாமல் மண்ணாகிப் போனதைத்தான் அப்பா நெடுநாள் சொல்லிச் சொல்லி வருந்தினார். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிய பின் நான் கொல்லைக்குப் போய்ப் பார்த்தபோது, தானேக்குப் பிறகு நட்ட ஒட்டுமரங்களில் 17, பழைய மரங்களில் 9 என்று சாய்ந்தும் முறிந்தும் கிடந்தன. இந்த முறை கறையானுக்கு விடக்கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். 2025 பிப்ரவரியில் வண்டி வீட்டுக்கு வந்தது.

விறகு என்ற வருமானத்துக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. முந்திரி வைத்திருப்பவர்களுக்குத் தண்டுத் துளைப்பான் வண்டு தெரியாமல் இருக்காது. அடிமரத்தில் பிசினும் மரத்தூளும் கலந்து வழியத் தொடங்கினால் இலை மஞ்சளாகி, சில மாதங்களில் மரம் பட்டுப்போகும். பட்ட மரத்தை வேர்ப்பகுதியோடு அகற்றிவிட வேண்டும். அப்படியே விட்டால் அதற்குள்ளிருக்கும் புழுக்கள் வண்டாகி அடுத்த மரத்துக்குப் போகும். ஓடைக்குள் கிடக்கும் காய்ந்த மரம் ஒவ்வொன்றும் மேலே நிற்கும் மரத்துக்குப் பகை. ஆகவே விறகு பொறுக்குவது தோப்புப் பராமரிப்பின் ஒரு பகுதி என்பதையும், அதற்கு ஏற்ற வண்டி என்பது ஆடம்பரம் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த அளவு வண்டிகளில் மஹிந்திரா ஜீவோ, குபோட்டா நியோஸ்டார் என்று சில பெயர்கள் நம் பக்கத்தில் பரவலாகத் தெரிந்தவை. நான் வாங்கியது எந்த நிறுவனத்தின் வண்டி என்பதை இங்கே எழுதப்போவதில்லை. நான் கண்ட நிறையும் குறையும் பெரும்பாலும் இந்த அளவுக்கும் எடைக்கும் உரியவை; ஒரு பெயரோடு ஒட்டினால் படிப்பவர் அந்தப் பெயரைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார், காரணத்தை மறந்துவிடுவார். நான்கு சக்கர இயக்கம், முக்கால் டன் தூக்கும் ஹைட்ராலிக், மூன்றரை அடிக்குச் சற்றே கூடுதலான அகலம், பின்சக்கரங்களில் நிரப்பும் நீரும் முன்னால் மாட்டும் எடையும் சேர்க்காத நிலையில் ஏறக்குறைய 700 கிலோ எடை என்று என் வண்டியை விவரித்தால் போதும். விலை, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்து ஆறே கால் லட்சம் ஆயிற்று. நான் வாங்கிய காலத்தில் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 விழுக்காடு, 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 விழுக்காடாகக் குறைந்துவிட்டதால் இன்று வாங்குபவருக்கு நல்ல தொகை மிச்சமாகும்.

பெரிய டிராக்டர் ஏன் கூடாது என்று என் மாமாவே கேட்டார். அவரிடம் 45 குதிரைத்திறன் வண்டி இருக்கிறது. அதைக் கொண்டுவந்து முயன்றும் பார்த்தோம். முந்திரி மரம் தாழக் கிளைவிட்டுப் படர்வது. ஏழு மீட்டருக்கு ஏழு மீட்டர் இடைவெளி விட்டு நட்டிருந்தாலும், எட்டு பத்து ஆண்டுகளில் இரண்டு வரிசைக் கிளைகளும் நடுவில் கைகோத்துக்கொள்ளும். இரண்டு டன் எடையும் ஆறடி அகலமும் கொண்ட வண்டி அதற்குள் நுழைந்தால், எடுத்து வரும் விறகைவிட முறித்துவிட்டு வரும் கிளைகள் அதிகமாக இருக்கும். முந்திரியின் சல்லிவேர்கள் மேல்மண்ணிலேயே பரவியிருப்பதால், கனத்த சக்கரம் ஒரே தடத்தில் போய்வந்து மண்ணை இறுக்கினால் அடுத்த பருவத்துக் காய்ப்பில் தெரியும் என்பது எங்கள் பகுதிப் பெரியவர்களின் அனுபவம். ஓடைக்கரையில் அந்த எடை நின்றால் கரையே சரியும். பவர் டில்லர் நுழையும், ஆனால் மேட்டில் பாரத்தை இழுத்துக்கொண்டு ஏறாது. மாட்டுவண்டி எல்லாவற்றையும்விட நன்றாக இந்த நிலத்தைத் தெரிந்து வைத்திருந்தது. அதற்கான மாடும், ஓட்டத் தெரிந்தவரும் எங்கள் ஊரில் இப்போது இல்லை.

தோப்புக்குள் நுழைவதைப் பொறுத்தவரை சிறிய வண்டி எனக்கு முழு நிறைவைத் தந்திருக்கிறது. ரோல் பார் எனப்படும் பாதுகாப்பு வளைவை மடக்கிவிட்டால் கிளைகளுக்கு அடியில் குனிந்து போகலாம்; ஆனால் சரிவுக்கு வந்ததும் அதை நிமிர்த்திப் பூட்டிவிட்டுத்தான் மேற்கொண்டு நகர வேண்டும். இருக்கைப் பட்டையை வளைவு நிமிர்ந்திருக்கும்போது மட்டும் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும், மடக்கிய நிலையில் மாட்டக்கூடாது என்பதையும் வாங்கும்போது எனக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. கையேட்டைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். வளைவு நிமிர்ந்திருந்தால் வண்டி உருண்டாலும் நசுங்காத இடம் ஒன்று ஓட்டுநரைச் சுற்றி இருக்கும், பட்டை அவரை அதற்குள் வைத்திருக்கும். வளைவு மடங்கியிருக்கும்போது பட்டையைக் கட்டியிருந்தால் குதித்துத் தப்பும் வாய்ப்பும் போய்விடும்.

இனி முதன்மையான செய்திக்கு வருகிறேன். கரடுமுரடான நிலத்தில் மரம் இழுப்பதற்குக் குதிரைத்திறன் ஓரளவுக்கு மேல் உதவுவதில்லை. இழுவை வருவது வண்டியின் எடையிலிருந்தும், சக்கரம் மண்ணைப் பிடிக்கும் பிடியிலிருந்தும். உலர்ந்த கெட்டி மண்ணில் வண்டி தன் எடையில் ஏறக்குறைய பாதியை இழுவிசையாகக் கொடுக்கும். தளர்ந்த மணலிலும் ஈரச் செம்மண்ணிலும் அது வெகுவாகக் குறையும். ஓட்டுநரின் எடையையும், பின்சக்கரங்களில் நிரப்பிய நீரையும், முன்னால் மாட்டிய இரும்பு எடைகளையும் சேர்த்தால் என் வண்டி ஒரு டன்னை நெருங்கும். அப்படியானால் அரை டன் விசைக்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது வீண். ஓர் அடி விட்டமும் பத்தடி நீளமும் உள்ள பச்சைக் கட்டை ஒன்று 200 கிலோவைத் தொடும். அப்படிப்பட்ட இரண்டு கட்டைகளைச் சமதரையில் தாராளமாக இழுக்கலாம், மேட்டில் ஒன்று ஒன்றாக இழுப்பதே அறிவு. முதல் மாதத்தில் நான் மூன்றைச் சேர்த்துக் கட்டி, சக்கரம் சுழன்று குழி பறிக்க, மண்ணையும் டீசலையும் வீணாக்கியிருக்கிறேன்.

எவ்வளவு இழுக்கிறோம் என்பதைவிட எங்கே கட்டி இழுக்கிறோம் என்பது உயிர் தொடர்பான செய்தி. வாங்கிய இரண்டாவது வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ஆள் ஆழமுள்ள ஓடையிலிருந்து ஒரு வேப்பங்கட்டையை ஏற்ற வேண்டியிருந்தது. என்னோடு வேலை செய்யும் பெரியவர், கட்டையின் முனை மண்ணில் குத்தாமல் தூக்கி வர வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், சங்கிலியை, பின் அச்சுக்கு மேலே கருவிகளின் மேல்முனையைப் பிடிக்கும் டாப் லிங்க் கம்பியை மாட்டும் கொண்டியில் கோத்துவிட்டார். நான் பார்க்கவில்லை. கிளட்சை விட்டதும் கட்டை ஒரு முந்திரித் தூரில் மாட்டி நின்றது, வண்டியின் மூக்கு மேலெழுந்தது. அதற்கு முன் எந்த வண்டியிலும் அப்படி வானத்தைப் பார்த்ததில்லை. கால் தானாகக் கிளட்சை மிதித்ததால் முன்சக்கரங்கள் மறுபடி தரையில் விழுந்தன. “தம்பி, எறங்குங்க, எறங்குங்க” என்று அவர் கத்தியது எனக்குக் கேட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. பிறகு படித்தபோதுதான், இப்படிப் பின்னோக்கிக் கவிழும் வண்டி மீட்க முடியாத நிலையை முக்கால் விநாடியில் எட்டிவிடும் என்று அறிந்தேன். அதற்குள் யோசித்துச் செயல்பட மனிதனால் ஆகாது.

காரணம் எளிமையானது. பின் அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால், கட்டை அசைய மறுக்கும் நொடியில் எஞ்சினின் விசை சக்கரத்தைச் சுழற்றுவதற்குப் பதிலாக வண்டியின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்குகிறது. அச்சுக்குக் கீழே, டிரா பார் எனப்படும் இழுவைக் கம்பியில் கட்டினால் அதே இழுப்பு முன்பக்கத்தைத் தூக்கிக் கவிழ்ப்பதற்கு மாறாகத் தரையோடு தாழ்த்தி வைக்கவே உதவும். பிடி போதாவிட்டால் சக்கரம் சுழலும், அவ்வளவுதான். அன்று முதல் எங்கள் கொல்லையில் சங்கிலி டிரா பாரைத் தவிர வேறு எதிலும் கோக்கப்படுவதில்லை. டாப் லிங்க் கொண்டியில் சிவப்புச் சாயம் பூசி வைத்திருக்கிறேன். விற்பனைக்கூடத்தில் உழவு, ரொட்டோவேட்டர், தெளிப்பான் பற்றி ஒரு மணி நேரம் விளக்கினார்கள். மரம் இழுப்பதைப் பற்றி நான் கேட்டபோது “அதெல்லாம் இழுக்கும் சார்” என்பதோடு முடித்துக்கொண்டார்கள். நம் பக்கத்தில் இந்த வண்டிகளை வாங்குபவர்களில் எத்தனையோ பேர் ஒரு தடவையாவது கட்டை இழுப்பார்கள் என்பதால், இந்த மௌனம் எனக்குப் பெரும் குறையாகப் படுகிறது.

கட்டையின் முனை மண்ணைக் கிளறாமல் வருவதற்கு வேறு வழி இருக்கிறது. பழைய தகரப் பீப்பாய் ஒன்றை நெடுக்கு வாக்கில் பிளந்து, முன்விளிம்பைப் பட்டறையில் மேல்நோக்கி வளைத்து, துளையிட்டுச் சங்கிலி கோத்தோம். கட்டையின் பருத்த முனையை அந்தத் தகரத்தில் ஏற்றிக் கட்டிவிட்டால் தோணிபோல வழுக்கிக்கொண்டு வருகிறது. தூரிலும் கல்லிலும் மாட்டுவது பாதியாகக் குறைந்துவிட்டது. செலவு 900 ரூபாய். வண்டிக்கு நான் செய்த துணைச்செலவுகளில் இதைப்போல் பலன் தந்தது வேறொன்றும் இல்லை.

ஓடைக்குள் கிடக்கும் கட்டைக்காக வண்டியை ஓடைக்குள் இறக்குவதில்லை என்பது நாங்கள் வகுத்துக்கொண்ட அடுத்த முறை. கரையை வெட்டிச் சாய்வான தடம் ஒன்றை அமைத்து, வண்டியை மேலே சமதரையில் நிறுத்தி, 30 மீட்டர் எஃகுக் கம்பிக்கயிற்றால் கட்டையை அந்தத் தடத்தின் வழியே மேலேற்றுகிறோம். ஓடை எவ்வளவு ஆழமோ குறைந்தது அவ்வளவு தொலைவு கரையிலிருந்து தள்ளியே சக்கரம் நிற்க வேண்டும். செம்மண் கரை மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் அடியில் மழைநீர் குடைந்து வைத்திருக்கும். இழுக்கும்போது கயிற்றுக்கு நேராகவோ பக்கத்திலோ ஒருவரும் நிற்கக் கூடாது, குறுக்கே தாண்டவும் கூடாது. விறைத்த கயிறு அறுந்தால் திரும்பி வரும் வீச்சுக்கு எலும்பு தாங்காது. கட்டையோடு கீழே இருப்பவர் கைக்கொடியைக் காட்டுவது, நான் அதைப் பார்த்து மட்டும் கிளட்சை விடுவது என்று வைத்திருக்கிறோம். எஞ்சின் சத்தத்தில் குரல் கேட்காது. மெதுவான வேலை. ஆனால் தானே புயலின்போது எடுக்க முடியாமல் விட்ட அதே இடங்களிலிருந்து ஒவ்வொரு கட்டையும் கரையேறி வரும்போது, அப்பா இருந்து பார்த்திருக்கலாம் என்று தோன்றும்.

இறக்கத்தில் இந்த வகை வண்டிகளுக்கு ஒரு பலவீனம் உண்டு. என் வண்டியின் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே இருக்கிறது. பின்னால் பாரம் தள்ளிக்கொண்டு வரும்போது, தளர்ந்த சரளையில் பின்சக்கரங்கள் பிடியை இழந்தால் பிரேக் மிதித்துப் பயனில்லை. நான்கு சக்கர இயக்கத்தை இறக்கத்துக்கு முன்பே இணைத்துவிட்டால் முன்சக்கரங்களும் எஞ்சினோடும் பின்சக்கரங்களோடும் கட்டுண்டு இருப்பதால் அவையும் சேர்ந்து தடுக்கும். ஏறுவதற்குத்தான் நான்கு சக்கரம் வேண்டும் என்று நினைத்திருந்தேன். இறங்குவதற்கு அது இன்னும் தேவை. இடது வலது பிரேக் மிதிகளைச் சேர்த்துப் பூட்டி, லோ கியரில் வைத்து, கிளட்சை மிதிக்காமல் எஞ்சினின் பிடியிலேயே இறங்க வேண்டும். சரிவுக்குக் குறுக்காக ஓட்டுவதை நான் அறவே விட்டுவிட்டேன். தோப்புக்குள் நுழைய வசதியாக இருக்கும் அதே குறுகிய அகலம், பக்கவாட்டுச் சரிவில் வண்டியை எளிதில் கவிழ்க்கும்.

சுள்ளிக்கும் மிளாறுக்கும் சிறு கட்டைகளுக்கும் பின்னால் மாட்டும் இரும்புப் பெட்டி ஒன்றைப் பண்ருட்டியில் ஒரு பட்டறையில் செய்து வாங்கினேன். முக்கால் டன் தூக்கும் என்று கையேடு சொல்வது லிஃப்ட் கைகளின் நுனியில். பெட்டியின் நடுப்பகுதி அதற்கு இரண்டடி பின்னால் இருப்பதால் உண்மையில் தூக்கக்கூடியது அதைவிடக் குறைவு. அதற்கும் முன்பாகவே முன்சக்கரங்கள் இலேசாகி ஸ்டீயரிங் கேட்காமல் போய்விடும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. முன்னால் எடைத்தட்டுகள் மாட்டிய பிறகும் 300 கிலோவுக்கு மேல் பெட்டியில் ஏற்றுவதில்லை. அந்த எடைத்தட்டுகள் வண்டியோடு வருவதில்லை, தனியாக வாங்க வேண்டும். விறகு வேலைக்கு வாங்குபவர் விலை பேசும்போதே அவற்றையும் சேர்த்துப் பேசிக்கொள்வது நல்லது. ஒரு டன் ஏற்றும் இரட்டைச் சக்கர டிரெய்லரைக் கொல்லையின் மேல்பாதியில் நிறுத்திவைத்து, பெட்டியில் கொண்டுவருவதை அதில் மாற்றி, அங்கிருந்து விறகுத் தொட்டிக்கும் எடை மேடைக்கும் அனுப்புகிறோம். டிரெய்லரைப் பற்றிக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

சக்கரங்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. சீமைக்கருவேல முள் மாட்டுக் குளம்பையே துளைக்கும். முதல் இரண்டு மாதத்தில் முன்சக்கரங்கள் ஐந்து முறை, பின்சக்கரம் ஒரு முறை பஞ்சர் ஆயின. ஒவ்வொரு முறையும் சக்கரத்தைக் கழற்றி நடுவீரப்பட்டுக் கடைக்கு எடுத்துச் சென்று, அரை நாள் வேலை கெட்டது. காய்ந்த முள்தான் பெரும் எதிரி. பச்சை முள் வளையும், காய்ந்தது நிமிர்ந்து நின்று ஏறும். இப்போது கருவேலைக் கழித்த இடத்தில் அன்றைக்கே முள்ளைக் கவைக்கோலால் ஒதுக்கிக் குவித்துவிட்டுத்தான் வண்டியை விடுகிறோம். முன்சக்கரங்களுக்குத் தடித்த டியூபும், துளையைத் தானாக அடைக்கும் பசைநீரும் போட்டிருக்கிறேன். பின்சக்கரங்களில் முக்கால் அளவுக்கு, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 60 லிட்டர் நீர் நிரப்பியதால் இழுவையும் நிலைப்பாடும் கூடின. பஞ்சர் ஆனால் நீரை வெளியேற்றி மறுபடி நிரப்பும் தொல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இந்த மாற்றங்களுக்குப் பிறகு எட்டு மாதத்தில் இரண்டே முறைதான் பஞ்சர்.

வண்டியின் வயிற்றுப்புறம் பாதுகாப்பில்லாமல் திறந்து கிடப்பது இன்னொரு குறை. நெல்வயலுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் என்று வடிவமைக்கப்பட்ட வண்டி, முறிந்த கிளை நிமிர்ந்து நிற்கும் தரைக்கு ஆயத்தமாக வருவதில்லை. ஏப்ரலில் ஒரு முந்திரிக் கிளையின் முனை அடியில் ஏறி ஹைட்ராலிக் குழாயைக் கிழித்துவிட்டது. மாற்றுக் குழாய் வருவதற்குப் பத்தொன்பது நாட்கள் ஆயின. முந்திரிக்கொட்டை பொறுக்கும் நாட்கள் அவை, வேறு வேலைக்கும் வண்டி இல்லாமல் தவித்தோம். கேட்கும்போதெல்லாம் நாளை வந்துவிடும் என்றே விற்பனைக்கூடத்தில் பதில் வந்தது. வராது என்று முதல் நாளே சொல்லியிருந்தால் கடலூரிலோ புதுச்சேரியிலோ குழாய் அடித்துத் தரும் கடையைத் தேடியிருப்பேன். கடைசியில் அதையே செய்தேன், அந்தக் குழாய்தான் இன்றும் ஓடுகிறது. பிறகு 4 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை அடியில் பொருத்தினேன். எண்ணெய் வடிக்கும் திருகுக்கு நேராகத் துளை விடச் சொல்ல மறக்கக் கூடாது; தகட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையே சேரும் சருகை வாரம் ஒருமுறை வாரி எடுக்க வேண்டும். சூடான எஞ்சினுக்கு அடியில் காய்ந்த சருகு கிடப்பது நெருப்புக்கு விடும் அழைப்பு. ரேடியேட்டர் வலையிலும் அப்படியே. சவுக்கு இலை ஊசிகள் அதில் பாய்போல ஒட்டிக்கொள்ளும். பக்கத்துக் கொல்லைச் சவுக்கு வெட்டுக்கு வாடகைக்குப் போன இரண்டு நாளில் எஞ்சின் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை துடைத்தால் தொல்லை இல்லை.

எஞ்சினைப் பற்றி எனக்கு மனக்குறை ஏதுமில்லை. முதல் 50 மணி நேரத்தில் எண்ணெய் மாற்றியதைத் தவிர அதைத் தொடவில்லை. அதிர்வு குறைவு, கால் மணி நேரத்துக்குமேல் சும்மா நின்றாலும் புகைவதில்லை, கியர்கள் இதமாக விழுகின்றன. இரண்டு பின்சக்கரங்களையும் ஒன்றாகச் சுழல வைக்கும் டிஃபரன்ஷியல் லாக் மிதி மட்டும் குதிகாலுக்கு எட்டும் இடத்தில் இல்லாமல் சற்றே உள்ளடங்கி இருப்பதால், ஒரு சக்கரம் குழியில் சுழலும் அவசரத்தில் தேட வேண்டியிருக்கிறது. அதை நேராகப் போகும்போது மட்டும் மிதிக்க வேண்டும், திரும்பும்போது மிதித்தால் வண்டி திரும்ப மறுக்கும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பத்து மாதத்தில் வண்டி 210 மணி நேரம் ஓடியிருக்கிறது. அதில் விறகு வேலை 60 மணி நேரம். கிடைத்த விறகு எடை மேடைச் சீட்டுகளின்படி 18 டன். விறகு இழுக்கும்போது மணிக்குச் சராசரியாக 2.2 லிட்டர் டீசல் பிடித்தது. எங்கள் பக்கத்து விலையில் 60 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 12,000 ரூபாய், அதாவது டன்னுக்கு 700 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. புதுச்சேரியில் டீசல் விலை குறைவு என்பதால் பாகூர்ப் பக்கம் கொல்லை உள்ளவர்களுக்கு இன்னும் குறையும். முன்பு நான்கு பேர் ஒரு நாள் முழுவதும் தலைச்சுமையாகத் தூக்கினால்தான் ஒரு டன் மேலே வரும். கூலி கொடுத்து, சாப்பாடும் போட்டால் விறகு விற்ற பணம் அதற்கே சரியாகப் போய்விடும். அதைவிட முக்கியமாக, அந்தச் சரிவில் தலையில் கட்டையோடு ஏறியவர்களில் ஒருவருக்காவது ஆண்டுதோறும் கால் பிசகும். இந்த ஆண்டு அப்படி ஒன்று நடக்கவில்லை.

ஆனாலும் விறகுக்காக மட்டும் ஆறு லட்சம் போடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். மீதி 150 மணி நேரம் தோப்பு உழவுக்கும், கன்றுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி இழுக்கவும், அக்கம்பக்கத்துக் கொல்லைகளுக்கு ரொட்டோவேட்டர் வாடகைக்கும் ஓடியதால்தான் கடன் தவணை தடையில்லாமல் கட்ட முடிகிறது. புயல் அடித்த ஆண்டில் விறகு 18 டன். வழக்கமான ஆண்டில் கவாத்துக் கிளையும் பட்ட மரமும் சேர்ந்து அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. நான்கு ஏக்கருக்குக் குறைவாக வைத்திருப்பவர், வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகைத் திட்டத்தில் டிராக்டரை எடுத்துத் தோப்பு வேலையை முடித்துக்கொள்ளலாம். வாங்கியே தீர வேண்டும் என்பவர், வேளாண் இயந்திரமயமாக்கல் மானியத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்; சிறு குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 50 விழுக்காடு வரை, மற்றவர்களுக்கு 40 விழுக்காடு வரை என்பது அதன் அளவு, உச்சவரம்பும் உண்டு. நான் அவசரத்தில் வாங்கிவிட்டு அதை இழந்தேன். விலை பேசும்போது முன்எடைத் தட்டுகள், அடித்தகடு, தடித்த டியூப், தரமான சங்கிலி, கொக்கி ஆகியவற்றுக்கு 30,000 ரூபாய் தனியாக ஒதுக்கிவிட வேண்டும். இவை இல்லாமல் ஓடைநிலத்தில் இந்த வண்டியை இறக்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இவற்றோடு என்றால், பள்ளமும் மேடுமாகக் கிடக்கும் எங்கள் செம்மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டியை நான் பார்த்ததில்லை.

மழைக்காலத்தில் வண்டியை மேல்பாதியோடு நிறுத்திவிடுகிறோம். ஈரச் செம்மண்ணில் நான்கு சக்கரமும் சேர்ந்து வழுக்கும். தை பிறந்து மண் காய்ந்ததும் மீதியுள்ள கட்டைகளை ஏற்றத் தொடங்குவோம். தெற்கு ஓடையின் கடைசி வளைவில் மட்டும் கரை இரண்டு பக்கமும் செங்குத்தாக இருப்பதால் சாய்வுத் தடம் வெட்ட இடமில்லை, கயிற்றை நேராக இழுக்கவும் வழியில்லை. அங்கே சாய்ந்து கிடக்கும் இரண்டு மரங்களைச் சிறு துண்டுகளாக அறுத்துத் தலைச்சுமையாகவே கொண்டுவரப் போகிறோம் என்று பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன்.